‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் நான்கு வண்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், ‘மேனுவல் வாங்குவதா, ஆட்டோமேட்டிக் வாங்குவதா?’ என்ற வாசகர் கேள்விக்கு வந்த பதிலைப் படித்தேன். நெரிசலில் ஓட்டுபவர் ஆட்டோமேட்டிக் வாங்கலாம், நீண்ட தூரம் போகிறவருக்கு மேனுவல் போதும் என்று நான்கே வரியில் பதில் முடிந்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் அதை நம்பி ஷோரூமுக்குப் போகிறவர் முன்னால் ஏஎம்டி, டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி என்று நான்கு வேறு வேறு இயந்திரங்கள் அந்த ஒரே பெயரில் நிற்கும். கிளட்ச் பெடல் கிடையாது என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. நெரிசலுக்காகவே தேடி வாங்கிய வண்டி அந்த நெரிசலிலேயே சூடாகி நிற்பதும், மேட்டில் பின்னால் உருள்வதும் இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன. விவரமாக எழுத வேண்டியிருப்பதால் கடிதம் நீள்கிறது. பொறுத்துக்கொண்டு பிரசுரிக்க வேண்டுகிறேன்.

எந்த கியர்பாக்ஸை எடுத்துக்கொண்டாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினை, அசையாமல் நிற்கும் சக்கரத்தோடு அது எப்படி இணைக்கிறது? வண்டி கிளம்பும் அந்த இரண்டு மூன்று நொடியில்தான் தேய்மானமும் சூடும் அதிகம். நெரிசல் என்பது அந்த இரண்டு மூன்று நொடி ஒரு மணி நேரத்தில் நூறு தடவை திரும்பத் திரும்ப வருவது. கியர்பாக்ஸின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் இதுதான்.

மேனுவல் வண்டியில் இந்த வேலையைச் செய்வது கிளட்ச் பிளேட். எஞ்சின் முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம், அதன்மேல் திருகிய பிரஷர் பிளேட், இரண்டுக்கும் நடுவே இருபுறமும் உராய்ந்து பிடிக்கும் லைனிங் வைத்த ஒரு வட்டத் தட்டு. பெடலை மிதித்தால் பிடி விடும், காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். ஹாஃப் கிளட்ச் என்கிறோமே, அந்த நிலையில் தட்டு வழுக்கிக்கொண்டே பிடிக்கிறது. வழுக்கும் ஒவ்வொரு நொடியும் லைனிங் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகி உதிர்கிறது. லைனிங்கைத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ரிவெட்களின் தலை, புதிய பிளேட்டில் நன்றாக உள்ளே புதைந்திருக்கும். தேயத் தேய அது மேற்பரப்பை நெருங்கி வரும். அந்த ஆழம் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கினால் பிளேட்டின் காலம் முடிந்தது என்று பொருள். அதையும் மீறி ஓட்டினால் ரிவெட் தலை ஃப்ளைவீலில் வட்ட வட்டமாகக் கோடு போடும். பிளேட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஃப்ளைவீல் வரை போய்விடும். அதிர்வைக் குறைக்க இரண்டு பாகமாகச் செய்த இரட்டைப் பொருண்மை ஃப்ளைவீல் உள்ள டீசல் வண்டி என்றால் அந்தச் செலவு கிளட்ச் செட்டையே மிஞ்சும்.

ஆகவே ‘கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும்?’ என்ற கேள்விக்கு ஓட்டுபவரின் இடது காலைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். ஒரே மாடல் வண்டியில் ஒருவருக்கு 30,000 கிலோமீட்டரில் பிளேட் போகும், இன்னொருவருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியும் உழைக்கும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது முதல் கெட்ட பழக்கம். ஓடும்போது காலை பெடல்மேல் சும்மா வைத்திருப்பது இரண்டாவது. பெடல் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலே, கிளட்சின் பிடியை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கில் சுமை ஏறிக்கொண்டிருக்கும். சிக்னலில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்துப் பச்சை விளக்குக்குக் காத்திருப்பவரும் அந்த பேரிங்கைத்தான் தேய்க்கிறார். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுவது இதற்குத் தீர்வு.

மேனுவலில் ஒரு பெரிய நன்மை, கோளாறு வந்தால் தானே வாய்விட்டுச் சொல்லும். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, பெடலை மிதித்தால் கரகரவென்று சத்தம் வந்து, விட்டால் நின்றுபோனால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். விட்டிருக்கும்போது சத்தம் இருந்து, மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். எஞ்சின் நின்றிருக்கும்போது சுலபமாக விழும் கியர், எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பலரும் நினைப்பது போல கியர்பாக்ஸில் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது. கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. ஹைட்ராலிக் கிளட்சில் எண்ணெய் கசிகிறதா, கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் நீண்டுவிட்டதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். குறிப்பிட்ட ஒரு கியர், பெரும்பாலும் இரண்டாவது, போடும்போது மட்டும் ‘கர்ர்’ என்று கடித்தால் அந்த கியரின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. இப்படிக் காதால் கேட்டே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது மேனுவல் வைத்திருப்பவருக்கு உள்ள வசதி. ஆட்டோமேட்டிக் வகைகளில், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் மெக்கானிக் தொடவே தயங்குவார்.

இனி ஏஎம்டி. இதை முழு ஆட்டோமேட்டிக் என்று விற்கிறார்கள். திறந்து பார்த்தால் மேலே சொன்ன அதே கிளட்ச் பிளேட், அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியரை மாற்றும் கைக்கும் பதிலாக மோட்டாரோ ஹைட்ராலிக் கருவியோ வைத்து, ஒரு கணினி அதை ஆட்டுவிக்கிறது. ஆகவே விலை குறைவு, மைலேஜ் மேனுவலுக்கு நிகர், கிளட்ச் தேய்ந்தால் மாற்றுவதும் ஏறத்தாழ அதே வேலை. புதிய பிளேட் போட்டபின் பிடிக்கும் புள்ளியை ஸ்கேனர் வைத்து மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அதைச் செய்யாமல் வண்டியை வெளியே விட்டால் உதறிக்கொண்டேதான் கிளம்பும்.

ஏஎம்டியில் கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறதே என்று குறைப்படுபவர்கள் அதிகம். கிளட்ச் பிரியும் அந்தச் சிறு நேரத்தில் சக்கரத்துக்கு இழுவை நின்றுபோகிறது, அதுதான் காரணம். கியர் மாறப்போகிறது என்று தெரியும் நேரத்தில், அதாவது எஞ்சின் 2,000 சுற்றைத் தாண்டும்போது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்தினால் ஆட்டம் பெருமளவு அடங்கும். முந்திச் செல்லும்போது இந்த வண்டியை அதன் போக்கில் விடக்கூடாது. காலை அழுத்திய பிறகு அது யோசித்து ஒரு கியர் இறங்குவதற்குள் எதிரே வரும் வண்டி நெருங்கிவிடும். வலப்பக்கம் எடுப்பதற்கு முன்பே மேனுவல் நிலைக்குத் தள்ளி, கையால் ஒரு கியர் இறக்கிக்கொள்வதே பாதுகாப்பு.

மேடு விஷயத்தில் ஏஎம்டி வாங்குபவர் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பலரும் ஏமாறும் இடம் இது. பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டருக்குக் கால் போவதற்குள் வண்டி பின்னால் உருளும். அதைத் தடுக்க ஆக்ஸிலேட்டரை லேசாகப் பிடித்தபடி மேட்டில் நிற்பார்கள். அப்போது உள்ளே நடப்பது, மேனுவல்காரர் ஹாஃப் கிளட்சில் நிற்பது போன்றதேதான். காலில் பெடல் இல்லாததால் அது அவருக்குத் தெரிவதில்லை. கருகிய வாசனையும் எச்சரிக்கை மணியும் வந்த பிறகே தெரியும். மேட்டில் சில நொடி பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் வசதி இல்லாத வண்டியில் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தி, வண்டியின் மூக்கு லேசாக எழுவதை உணர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். மேட்டில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டிய வீடு உள்ளவர்கள், வாங்குவதற்கு முன் அதே போன்ற ஒரு சரிவில் பின்னோக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மெதுவாக, அங்குலம் அங்குலமாகப் பின்னே ஏறுவது இந்த வகைக்குக் கடினமான வேலை.

டார்க் கன்வெர்ட்டர் வகை வேறு இனம். இதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வழுக்கித் தேயும் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை நேருக்கு நேர் வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்று இருந்த இடத்தில் எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயை வீசுகிறது, கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி அதை வாங்கிச் சுழல்கிறது. நடுவில் உள்ள ஸ்டேட்டர் எண்ணெயின் திசையைத் திருப்பிவிட்டு, கிளம்பும் நேரத்தில் இழுவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருகிறது. நெரிசலில் நூறு தடவை நின்று கிளம்பினாலும் இங்கே தேய்வதற்கு லைனிங் இல்லை. சூடாவது எண்ணெய். அதைக் கூலர் ஆற்றுகிறது. மேடு, நெரிசல், பாரம் மூன்றும் சேர்ந்து வரும் ஓட்டத்துக்கு இதைவிடத் தாங்கும் வகை இல்லை என்பது என் உறுதியான கருத்து. எண்ணெய்வழி இணைப்பும் தானே கியர் மாற்றுவதும் சேர்ந்து பெருமளவில் விற்பனைக்கு வந்தது, ஜெனரல் மோட்டார்ஸின் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில். அத்தனை காலமாகச் செப்பனிடப்பட்டு வந்திருக்கிறது. ‘பெட்ரோல் குடிக்கும்’ என்ற பழைய பெயர் நான்கு கியர் காலத்தில் வந்தது. வண்டி ஓடத் தொடங்கியதும் லாக்-அப் கிளட்ச் எண்ணெயைத் தவிர்த்து நேரடியாகப் பூட்டிக்கொள்வதாலும், இப்போது ஆறு, எட்டு கியர்கள் வந்துவிட்டதாலும் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது.

சிவிடியில் கியர் என்று எதுவும் கிடையாது. கூம்பு வடிவத்தில் இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு பெல்ட். கப்பிகள் ஒன்று விரிய மற்றது சுருங்க, விகிதம் படிகள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறுகிறது. 1958-ல் ஹாலந்து நாட்டின் டாஃப் நிறுவனம் இதை ரப்பர் பெல்ட்டோடு காருக்குள் கொண்டுவந்தது. இன்றைய பெல்ட், சுமார் 400 மெல்லிய எஃகுத் துண்டுகளை எஃகு வளையங்களில் கோர்த்த மாலை. விநோதம் என்னவென்றால் அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. நகரத்துக்குள் அமைதியாக ஓட்டுபவருக்கு இதைப் போலச் சுகமான வண்டி இல்லை. ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று அழுத்தினால் எஞ்சின் முதலில் இரைந்து, வேகம் பின்னாலேயே ரப்பர் இழுத்தது போல வரும். சிலருக்கு அது பிடிக்காது. பெல்ட் கப்பியில் வழுக்குவதுதான் இந்த வகைக்கு உண்மையான எதிரி. ஒரு தடவை வழுக்கினால் கப்பியின் வழவழப்பான முகத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த கப்பி பெல்ட்டைத் தின்னும். காலையில் வண்டி சூடேறும் முன் முழு மிதி மிதிக்காமல் இருப்பது இதற்கு மிக முக்கியம். சிவிடிக்கென்று உள்ள எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயான ஏடிஎஃப்பை ஊற்றினால் உலோகத்துக்கு உலோகம் வேண்டிய பிடிப்பு கிடைக்காது.

நான்காவது டிசிடி. இரண்டு கிளட்ச்: முதல் கிளட்ச் ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்களுக்கும், மற்றது இரண்டு, நான்கு, ஆறுக்கும். மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். ஆகவே கியர் மாறுவதே தெரியாது. ஓட்டும் இன்பத்துக்கு நால்வகையில் இதற்கே முதலிடம் தருவேன். ஆனால் வாங்குபவர் விற்பனையாளரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இது உலர் கிளட்சா, எண்ணெயில் மூழ்கிய ஈர கிளட்சா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாத விற்பனையாளரிடம், தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். உலர் கிளட்சுக்குக் குளிர்ச்சி தருவது காற்று மட்டும். ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் அது ஓயாமல் ஹாஃப் கிளட்சிலேயே கிடந்து சூடாகும், திரையில் எச்சரிக்கை வரும், ஒரு கட்டத்தில் வண்டி ஓரமாக நிற்கச் சொல்லும். ஈர கிளட்ச் இதைப் பெரிதும் தாங்கும், அதற்கு விலையாக எண்ணெய் மாற்றும் செலவு சேரும். உலர் டிசிடி ஏற்கெனவே கையில் இருந்தால், முன்னால் போகும் வண்டியை ஓரோர் அடியாகத் துரத்தாதீர்கள். ஐந்தாறு மீட்டர் இடம் விழட்டும், ஒரேயடியாகக் கிளம்பி, கிளட்ச் முழுதாகப் பிடித்தபின் நில்லுங்கள். நிற்கும்போது பிரேக்கை அரைகுறையாகத் தொடாமல் நன்றாக அழுத்துங்கள். முழு அழுத்தம் கிடைத்தால்தான் கணினி கிளட்சைப் பிரித்துவிடும்.

ஹைபிரிட் வண்டிகளில் ‘இ-சிவிடி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து பெல்ட் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1997-ல் வந்த டொயோட்டா ப்ரியஸ் வழியில் வந்தவற்றில் பெல்ட்டே கிடையாது, நடுச் சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றி வரும் ஒரு கோள் பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டாரும்தான். மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஒரே விகிதம் என்பதால் இந்த விவாதமே எழாது.

எண்ணெய் பற்றித் தங்கள் பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டிகளின் அற்பாயுசுக்குப் பெரும் காரணம் அங்கேதான் இருக்கிறது. ‘ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்’ என்று கையேட்டில் எழுதியிருப்பதை வாசகர்கள் வண்டியின் ஆயுள் என்று படிக்கிறார்கள். உலகின் பெரும் கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்றான இசட்எஃப்பே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. நெரிசலும் வெயிலும் அதிகமுள்ள ஓட்டத்துக்கு இன்னும் முன்னதாகவே மாற்றுவது நல்லது. புதிய ஏடிஎஃப் பெரும்பாலும் தெளிந்த சிவப்பு. அது பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால், பெட்டிக்குள் கியர்களைப் பிடிக்கும் தட்டுகள் எரிந்திருக்கின்றன. அடியில் உள்ள நட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வந்துவிடாது, கணிசமான பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஒருமுறை வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி வடித்து நிரப்புவது பலன் தரும். அளவு பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பல பெட்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எண்ணெய் கையேட்டில் சொன்ன சூட்டில் இருக்க வேண்டும். ஆறிய எண்ணெயில் அளவு பார்த்து நிரப்பினால் சூடேறியதும் விரிந்து அளவு மீறிவிடும்.

மேனுவல் வண்டிக்கும் இது பொருந்தும், ஆனால் வேறு வகையில். சின்ன வண்டிகளின் பெட்டிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் கியர் ஆயில்தான். கையேட்டில் கியர் ஆயிலின் தர வகை ஜிஎல்-4 என்று இருந்தால் ‘அதைவிட உயர்ந்தது’ என்று ஜிஎல்-5 ஊற்ற விடாதீர்கள். அதில் கூடுதலாக உள்ள கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை சின்க்ரோ ரிங்குகளை அரிக்கக்கூடும். தவிர, அது அதிகமாக வழுக்கும். பிடித்து நிறுத்த வேண்டிய ரிங் வழுக்கினால் கியர் கடிக்கத்தான் செய்யும்.

பார்க்கிங் செய்யும் முறையிலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. சரிவில் நிறுத்தியதும் லீவரை நேராக ‘பி’க்கு (பார்க்கிங் நிலை) தள்ளிவிட்டு பிரேக்கை விடுகிறார்கள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். அப்போது மொத்த வண்டியின் எடையும் கியர்பாக்ஸுக்குள் உள்ள விரல் அளவு கொக்கி ஒன்றில் தொங்குகிறது. மறுநாள் ‘பி’யிலிருந்து எடுக்கும்போது ‘டங்’ என்று கேட்பது அதன் முனகல். பிரேக்கை மிதித்தபடி ‘என்’னில் (நியூட்ரல்) போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தி வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார விடுங்கள். மறுபடி மிதித்து ‘பி’யில் போடுங்கள். ஏஎம்டி பலவற்றில் ‘பி’ என்ற நிலையே கிடையாது. அதில் ஹேண்ட் பிரேக்கோடு, ஏதாவது ஒரு கியர் விழுந்திருக்கும்போது எஞ்சினை அணைக்க வேண்டும்.

மலை இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் ஆபத்து என்பவர்கள் அந்த லீவரில் கீழ் கியரில் வைத்திருக்க உதவும் ‘எல்’, ‘2’ அல்லது ‘பிளஸ்-மைனஸ்’ நிலைகளை ஒருநாளும் தொட்டுப் பார்க்காதவர்கள். வழக்கமாக ஓட்டும் ‘டி’ நிலையிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு இழக்கும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கு என்ற பழைய விதி இதற்கும் பொருந்தும். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டி கியரில் இருந்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் குடிக்கிறது.

மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக் குடும்பத்தோடு மாறுகிறவர்கள் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டியது பெடல் தவறு பற்றி. 1980-களில் ஆட்டோமேட்டிக் கார்கள் தானாகச் சீறிப் பாய்ந்ததாக வந்த புகார்களை ஆராய்ந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 1989-ல் வெளியிட்ட அறிக்கையில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததே என்று கண்டது. பிரேக்கை மிதித்தால்தான் ‘பி’யிலிருந்து லீவர் நகரும் பூட்டு இன்று ‘பி’ உள்ள வண்டிகளில் பரவலாக இருப்பதற்கு அந்தக் காலத்துப் பாடமே காரணம். இந்தப் பெடல் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் நெடுஞ்சாலை அல்ல, வீட்டு வாசலும் பார்க்கிங்கும். ரிவர்ஸ் எடுக்க உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது வலது கால் தானாக நகர்ந்துவிடுகிறது. குதிகாலை பிரேக் பெடலுக்கு நேர் எதிரே தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் வலப்பக்கம் சாய்த்து ஆக்ஸிலேட்டரைத் தொடும் பழக்கம் வந்துவிட்டால், பதற்றத்தில் கால் திரும்பி விழும் இடம் பிரேக்காகத்தான் இருக்கும். நெருக்கமான இடத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொடவே தேவையில்லை. பிரேக்கைத் தளர்த்தினாலே வண்டி ஊரும், அந்த ஊர்தலை பிரேக்கால் மட்டும் ஆளுங்கள். இடது காலை ஓரத்தில் உள்ள மேடையில் ஊன்றி வையுங்கள். கிளட்ச் மிதித்துப் பழகிய கால் அது. பிரேக்மேல் விழுந்தால் அடிவரைக்கும் மிதித்துவிடும், பின்னால் வருபவர் மோதுவார்.

பேட்டரி தீர்ந்தால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்: சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்து, வேகநடை வேகம் வந்ததும் சட்டென்று விட வேண்டும். டார்க் கன்வெர்ட்டர், சிவிடி வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் அழுத்தம், அது இல்லாமல் பெட்டி பிடிக்காது. ஆகவே எவ்வளவு தள்ளினாலும் பயன் இல்லை. கட்டி இழுப்பதிலும் அதே கதை: இயக்கச் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துக்கொண்டு போனால் எண்ணெய் ஓடாமல் உள்ளே காய்ந்து உரசும். அந்தச் சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத எந்த வண்டியும் திடீரென்று கியர் விழாமல் விளக்குகளைக் காட்டினால் முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள். நின்றிருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தாலோ, ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போனாலோ, கியர்பாக்ஸைப் பிரிக்கும் பேச்சே வேண்டாம், பேட்டரியைக் கவனித்துவிட்டு வாருங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்குபவர், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். உரிமையாளர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பாதிக் குறைகள் மறைந்துவிடும். பிரேக்கை மிதித்தபடி ‘டி’யிலும் ‘ஆர்’இலும் மாற்றுங்கள், ஓரிரு நொடிக்குள் மெல்ல இழுக்க வேண்டும். தாமதமாகித் தூக்கிப் போட்டால் எண்ணெய் அழுத்தமோ தட்டுகளோ சரியில்லை. சீரான மிதியில் மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் போகும்போது, பாலத்தின் இணைப்புகள்மேல் ஓடுவது போன்ற ஒரு நடுக்கம் வந்தால் லாக்-அப் கிளட்ச். டிசிடியை இரண்டாம் கியரில் ஊரவிட்டுப் பாருங்கள், அங்கே உதறல் இருந்தால் பேரம் பேசுவதற்கு முன் கிளட்ச் செட்டின் விலையை விசாரித்து வையுங்கள். சிவிடியில் வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் இருந்தால் விட்டுவிடலாம்.

இளைஞர்கள் ஓட்டக் கற்பதற்கு ஒரு குறிப்பு. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுநர் தேர்வு தேறியவர் அந்த உரிமத்தில் மேனுவல் ஓட்ட முடியாது. ஜப்பானிலும் 1991 முதல் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான உரிமம் தனியாக உண்டு. வெளிநாட்டில் வேலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர் மேனுவலில் தேர்வு தேறி வைத்துக்கொள்வது வசதி. முழங்கால் வலி, இடது காலில் பலவீனம் உள்ளவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அவர்கள் தயங்காமல் ஆட்டோமேட்டிக்கிலேயே தொடங்கட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் வெளியாகும் ஒப்பீட்டு அட்டவணைகளில் ‘டிரான்ஸ்மிஷன்: ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் போடுவதை நிறுத்திவிட்டு, ஏஎம்டியா, டார்க் கன்வெர்ட்டரா, சிவிடியா, டிசிடி என்றால் உலர் கிளட்சா ஈர கிளட்சா என்று வகையைக் குறிப்பிடுங்கள். கூடவே இரண்டு கட்டங்கள் சேர்த்தால் போதும்: ஹில் ஹோல்ட் உண்டா, கியர்பாக்ஸ் எண்ணெய் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் வாகனப் பயிற்றுநர் ஒருவர்